சும்மா 0.91

கூத்தம்பாளையத்தில் பெட்டிகள் விழத் தொடங்கிய ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், பால் சொசைட்டிக்கு எதிரே வேப்பமரத்தில் கட்டியிருந்த எருமையைச் சுற்றி, கொம்பு நுனியிலிருந்து வால் நுனிவரைக்கும், பச்சை நிறத்தில் நூல் மாதிரி ஒரு கோடு நான்கு மூலையும் சரியாக மடங்கி வந்து நின்றது. கோட்டுக்கு மேலே அதே பச்சையில் ‘எருமை 0.97’ என்று எழுதியிருந்தது. பால் ஊற்ற வந்தவர்கள் தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு அதைப் படித்தார்கள்.

“மிச்சம் மூணு எங்கீங்க போச்சு?” என்றார் எருமைக்காரர்.

“அது தண்ணியா இருக்குமுங்க,” என்றார் சொசைட்டிக்காரர், அளவுக் குவளையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சிரித்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். போகிற வழியில் நாய்க்கு விழுந்திருந்தது, டிரான்ஸ்பார்மருக்கு விழுந்திருந்தது, பஸ் ஸ்டாண்டில் நின்ற பஸ்ஸுக்கும் அதன் கூரையில் இருந்த மூட்டைக்கும் தனித்தனியாக விழுந்திருந்தது. கோடு தொட்டால் நைலான் கயிறு மாதிரி இருந்ததால் பெண்கள் அதில் துணி உலர்த்தினார்கள். நின்ற லாரியின் பெட்டியில் போட்ட ஒரு சேலை லாரியோடு சங்ககிரிவரைக்கும் போய் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. கோழிகள் அந்திக்கு அதில் ஏறி அடைந்தன. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் டீச்சர் சொல்லித்தராமலே ‘பைப்பு’, ‘குடம்’, ‘சைக்கிள்’ என்று எழுத்துக்கூட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள்.

யாரும் பயப்படாததற்குக் காரணம், பெட்டி போடுவது அந்த ஊர்ப் பிள்ளைகளின் வேலை. ஏரிக்கரையில் இருந்த இன்ஜினியரிங் காலேஜ், சேர ஆளில்லாமல் மூடி, மூன்று வருஷம் புறா அடைந்து கிடந்து, பிறகு பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி வந்து அதை வாடகைக்குப் பிடித்து, வகுப்பறைகளில் கம்ப்யூட்டர் வைத்து, அங்கேயே படித்துவிட்டு வீட்டிலிருந்தவர்களைக் கூப்பிட்டு அதே பெஞ்சுகளில் உட்காரவைத்தது. ரோட்டுப் படம் ஒன்று வரும். அதிலிருக்கிற மாட்டை, லாரியை, ஆளை, குழியைச் சுற்றிப் பெட்டி வரைந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்தால் அடுத்த படம் வரும். அந்தப் படங்களைத் தின்று எங்கேயோ ஓர் இயந்திரம் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தது. பெயருக்குப் பக்கத்து எண், அது எந்த அளவுக்கு நிச்சயமாகச் சொல்கிறது என்பதற்கு, ஒன்று வந்தால் முழு நிச்சயம். பெட்டி போடுகிற வேலை என்றதும் ஊர் முதலில் முட்டைப் பெட்டி என்றுதான் நினைத்தது, சுற்றிலும் கோழிப்பண்ணை. “என்ற பொண்ணு பி.இ. படிச்சுப்போட்டு முட்டை அடுக்கறாளா?” என்று லாரி டிரைவர் அர்த்தநாரி தன் மகள் கௌசிகாவோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் அவள் திரையைப் படமெடுத்து வந்து காட்டியபோது, அதில் பெட்டிக்குள் இருந்தது அவர் ஓட்டுகிற மாதிரியே ஒரு பன்னிரண்டு சக்கர லாரி. அவர் அதை வெகுநேரம் பார்த்தார். “ரோட்டை நல்லாப் பாக்கப் பழக்கறீங்க, சரி. பழகினதுக்கு அப்புறம் ஸ்டேரிங்குல யாரு உக்காருவா?” என்று கேட்டார்.

ஆகவே வரைந்த பெட்டிகள் திரையைவிட்டு இறங்கி ஊருக்குள் வந்தபோது, விதைத்த வயலில் பயிர் வந்ததைப்போலத்தான் ஊர் அதைப் பார்த்தது.

இரண்டாம் வாரம் மனிதர்களுக்கு விழுந்தது. அர்த்தநாரிக்கு ‘டிரைவர் 0.98’. கண்டக்டருக்குக் கண்டக்டர், நர்ஸம்மாவுக்கு நர்ஸ். கௌசிகாவின் அம்மா சாந்தாமணிக்கு ‘சமையல் 0.93’ என்று விழ, “சமையல் மட்டுந்தானா? மாட்டை யாரு இவங்க தாத்தனா பாக்கறான்?” என்று அவள் வாசலில் நின்று சத்தம் போட்டாள், மறுநாள் சாணி வழிக்கக் குனிந்தபோது அது ‘மாடு 0.52’ என்று மாறியது, அதன் பிறகு அவள் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. பஸ் டிரைவர்கள் பெட்டி தெரிகிற இடத்தில் நிறுத்தினார்கள், பந்தியில் பெட்டிக்கு ஓர் இலை போட்டார்கள், கல்யாணத் தரகர் ஜாதகப் பையை வீட்டில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து, “பொருத்தமெல்லாம் இருக்கட்டுமுங்க, பெட்டில என்ன எழுதியிருக்குது?” என்று கேட்கத் தொடங்கினார்.

விழாதது பட்டத்தரசியம்மனுக்கு மட்டும்தான். பெயரில் பட்டம் இருப்பதால் பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகள் அவளுக்குத் தேங்காய் உடைப்பது அந்த ஊர் வழக்கம். டிகிரி வாங்கின யாரும் அவளுக்குக் கடன்படாமல் வாங்கியதில்லை. குத்துவிளக்குக்கு விழுந்தது, உண்டியலுக்கு விழுந்தது, எலுமிச்சை மாலையில் ஒவ்வொரு எலுமிச்சைக்கும் விழுந்தது, அவளுக்கு விழவில்லை. “ஆத்தா ஒரு பெட்டிக்குள்ள அடங்கறவளா?” என்று பூசாரி சொன்னார், ஊருக்கு அது பெருமையாக இருந்தது.

பிள்ளைகளுக்கு முதலில் ‘ஆள்’ என்றுதான் விழுந்தது. நாலு நாள் கழித்து, பேக்கரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த லோகுவின் தலைக்கு மேல் அந்தச் சொல் ஒருமுறை நடுங்கிவிட்டு ‘சும்மா 0.64’ என்று நின்றது. லோகு சிவில் படித்து நான்கு வருஷமாக வீட்டில் இருப்பவன். அண்ணாந்து படித்துவிட்டு அவன்தான் முதலில் சிரித்தான்.

“எங்கப்பன் நாலு வருசமா இதைத்தான் வாயில சொல்லிட்டிருந்தாரு. இப்ப ஐ.எஸ்.ஐ. முத்திரையே குத்திட்டாங்க.”

அவனைச் சுற்றி நின்றவர்கள் சிரித்து முடிப்பதற்குள் அவர்களில் ஆறு பேருக்கு அதே சொல் விழுந்தது.

“எம்பட சி.வி.யை ஏ.ஐ.தான் எழுதிக் குடுத்துது,” என்றான் லோகு. “அனுப்புன நாலாவது செகண்டு வேண்டாம்னு பதில் வந்துது பாரு, அதையும் அதுதான் எழுதியிருக்குது. எழுதறதும் அது, கழிக்கறதும் அது. நடுவால நான் எதுக்குடா மாப்ள?”

“நெட்டு ரீசார்ஜ் பண்றதுக்கு,” என்றான் நவநீதன்.

நவநீதன் கௌசிகாவுக்குப் பின் பெஞ்சில் பெட்டி போடுகிறவன். காலேஜிலும் அவளுக்குப் பின் பெஞ்சு. அன்றைக்கு அவன் தலைக்கு மேல் இன்னும் ‘ஆள் 0.71’ இருந்தது, பெட்டி போடுகிறவர்கள் எந்த ரோட்டுப் படத்திலும் இல்லாததால் அவர்களுக்கென்று ஒரு பெயர் பட்டியலில் இல்லை. பிளஸ் டூ முடித்த ஒரு பெண், கையில் கவுன்சலிங் பாரத்தோடு கௌசிகாவிடம் வந்து, “அக்கா, எதைப் படிச்சா அது ஏ.ஐ. இன்னும் படிக்காததா இருக்கும்?” என்று கேட்டாள். நவநீதன் அவளுக்கு ஒரு பப்ஸ் வாங்கிக் கொடுத்தான்.

கௌசிகா மட்டும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லை எழுதியவள் அவள்.

பெட்டிகள் விழுவதற்கு முன்பே, மாசி மாதத்தில், பெங்களூரிலிருந்து பெயர்ப் பட்டியல் ஒன்று ஆங்கிலத்தில் வந்தது, ஒவ்வொன்றுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும் என்று. முதல் பெஞ்சில் இருந்ததால் அவளிடம் கொடுத்தார்கள். ஓடுகிற வண்டி, திரும்புகிற வண்டி என்று வந்து, வேலையில்லாமல் ஓரமாக நிற்பதற்கு என்ன சொல் என்று ஓர் இடத்தில் கேட்டிருந்தது. அவளுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. லாரிக்காரர் வீட்டில் பிறந்தவள். லோடு இல்லாத நாளில் அப்பா செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்து, “வண்டி சும்மா நிக்குது” என்பார். அதில் வருத்தம் இருக்காது, நாளைக்கு லோடு வரும், அன்றைக்கு வீட்டில் கறி எடுப்பார்கள், வண்டிக்கு அடியில் பாய் விரித்து அப்பா தூங்குவார். அந்த ஞாபகத்தில் ‘சும்மா’ என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். பட்டியலில் வண்டிக்கும் ஆளுக்கும் ஒரே பத்தி என்பதை அவள் கவனிக்கவில்லை.

ஆடி பிறந்தது. இயந்திரம் பெட்டியைத் தானே போடக் கற்றுக்கொண்டது, பிள்ளைகள் ‘சரி’, ‘தப்பு’ என்று இரண்டு பொத்தான்களை மட்டும் அழுத்தினார்கள், பிறகு தப்பே வராமல் போனதால் ஒரு பொத்தானை மட்டும் அழுத்தினார்கள், பிறகு அதை அழுத்தவும் ஆள் தேவைப்படவில்லை. ஒரு வகுப்பறை மூடியது, புறாக்கள் வந்தன, அடுத்த வகுப்பறை மூடியது. ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி, அவரவர் போட்ட பெட்டிகளில் மிக அழகானது எது என்று குறிப்பிட்டு, நன்றிக் கடிதம் வந்தது. அதை எழுதியது யார் என்று யாரும் கேட்கவில்லை. ஆடிப்பெருக்கு அன்றைக்கு நவநீதனுக்கு வந்தது. கேட்டைத் தாண்டும்போதே அவன் தலைக்கு மேல் ‘சும்மா 0.58’.

கௌசிகா வீட்டில் அவனைப்பற்றிச் சொல்லி அப்போதுதான் ஒரு மாதம் ஆகியிருந்தது. அர்த்தநாரி மறுக்கவில்லை. ஆவணி பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டார் பெண் பார்க்க வருவது என்று பேசி முடித்திருந்தார்கள். கடிதம் வந்த செய்தி கேட்டதும் அவர் மகளைக் கூப்பிட்டார்.

“பையன் நல்ல பையன் சாமி. நான் ஒண்ணும் குத்தம் சொல்லலை. ஆனா தலைக்கு மேல அந்தச் சொல்லோட எம்பட வாசப்படி ஏறுனா, லோடில்லாத வண்டிக்குப் பொண்ணு குடுத்தான்னு ரோடு பூரா சிரிப்பாங்க. வர்றதுக்குள்ள அதை மாத்திக்கிட்டு வரச்சொல்லு.”

“மாத்தலைன்னா?”

“வர வேண்டாம்னு சொல்லு,” என்றவர், அவள் முகத்தைப் பார்க்காமல் டயரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

நவநீதன் மாற்றத்தான் பார்த்தான். மருந்துக்கடையில் நின்றான், பண்ணையில் தீவனம் அள்ளினான், மூன்று நாள் பைக்கில் சாப்பாடு கொண்டுபோனான். கையில் எது இருந்தாலும் இயந்திரம் முன்பு பார்த்த படங்களில் அவன் வேலையில்லாமல் நின்றுகொண்டிருந்தான், எனவே எண் ஏறிக்கொண்டே போனது. எழுபத்திரண்டு, எண்பத்து நான்கு. ஆவணி முதல் வாரம் தொண்ணூற்றொன்றில் வந்து நின்றது.

ஏரிக்கரையில் வைத்து, அந்தச் சொல்லை எழுதியது தான்தான் என்று கௌசிகா அவனிடம் சொன்னாள். அவன் ஒரு கல்லைத் தண்ணீரில் விட்டெறிந்தான்.

“ஏம்புள்ள, ‘ஓய்வு’ன்னு போட்டிருக்கலாமில்ல? ரிட்டையர்டு ஆபீசர் மாதிரி கௌரவமாத் திரிஞ்சிருப்பேன்.”

“வெளையாடாத நவநீ.”

“வெளையாடலை. இன்னும் உன்கிட்டத்தான சாவி இருக்குது? மாத்து.”

கடைசியாக மிஞ்சியவள் அவள்தான். கதவைப் பூட்டி ஒப்படைப்பதற்காக வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம், புறாக்களுக்கு நடுவில், முதல் பெஞ்சில் உட்கார்ந்து பட்டியலைத் திறந்தாள். நவநீதன் ஜன்னலுக்கு வெளியே நின்றான். ‘சும்மா’வை அடித்துவிட்டு ‘வேலை தேடுபவர்’ என்று எழுதினாள். தேடுவது படத்தில் தெரியவில்லை, வேறு பெயர் தரவும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. ‘காத்திருப்பவர்’ என்று எழுதினாள். காத்திருப்பதும் நிற்பதும் படத்தில் ஒன்றே. ‘படித்தவர்’. படிப்பு படத்தில் தெரியவில்லை. ‘நவநீதன்’ என்று எழுதினாள். இந்தப் பெயரில் போதுமான படங்கள் இல்லை, ‘சும்மா’ என்ற சொல்லையே நீக்கிவிடலாமா?

“என்ன கேக்குது?” என்றான் ஜன்னலில்.

“எடுத்தரலாமான்னு கேக்குது.”

“எடுத்துரு புள்ள. பேரில்லாமயே இருந்துக்கறோம்.”

அவள் அழுத்தினாள்.

ஊரெல்லாம் பிள்ளைகளைச் சுற்றியிருந்த கோடுகள் முடிச்சு அவிழ்ந்தாற்போல ஒரே நேரத்தில் தரையில் விழுந்தன. பேக்கரி வாசலில் விசில் பறந்தது, லோகு கீழே விழுந்த கோட்டைச் சுருட்டிக் கையில் கட்டிக்கொண்டு ஆடினான், கௌசிகாவும் நவநீதனும் கை கோத்துக்கொண்டு பட்டப்பகலில் கடைவீதி வழியாக நடந்தார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது நல்லதற்கு என்று அவர்கள் நினைத்தார்கள். சாயங்காலம் பஸ் நிற்கவில்லை. ராத்திரிச் சோற்றுக்கு சாந்தாமணி இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். “அம்மா, எனக்கு?” என்றாள் கௌசிகா. சாந்தாமணி எழுந்துபோய் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்து, புருஷனுக்கு ரசம் ஊற்றினாள்.

அதற்குள், பெட்டியில் எழுதியிருக்கிற சொல்லை மட்டும் வாயில் எடுப்பது என்று ஊர் பழகியிருந்தது. பட்டியலிலிருந்து போன சொல் நாக்கிலிருந்தும் போனது. அந்த வருஷம் ஊரில் இல்லாதவர்களிடம் மட்டும் அது தப்பியது, அதனால்தான் இதை எழுத முடிகிறது. “ஏன் வந்தே?” என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லாததால் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவது நின்றது, கொசுறாகக் கருவேப்பிலை கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியாமல் காய்கறிக்காரம்மா கொடுப்பதை நிறுத்தினாள், தனியாகச் சிரித்தவர்கள் ஏன் சிரிக்கிறாய் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று சிரிப்பதை நிறுத்தினார்கள், பெற்ற பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் சொல்ல அந்த ஒரு சொல்தான் இருந்தது என்பதால், அது போனதும் கேட்கிறவர்களும் இல்லை, பிள்ளைகளும் இல்லை.

ஆவணி பத்தாம் தேதி பத்தரை மணிக்குப் பையன் வீட்டார் சொன்னபடி வந்தார்கள். நாள் குறித்ததும் கேசரி கிளற வேண்டும் என்பதும் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. நவநீதன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் அம்மா கைப்பையை அவன் மடியில் வைத்தாள். அவன் தலைக்கு மேல் எதுவும் இல்லை. அர்த்தநாரி சொன்னது அப்படியே நடந்திருந்தது.

கௌசிகா பட்டுப்புடவையில் தட்டைக் கொண்டுவந்தாள். ‘தட்டு 0.99’, அதன்மேல் ஆறு டம்ளர், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. அவர்கள் கை நீட்டி எடுத்துக்கொண்டார்கள். சாந்தாமணி, காலித் தட்டு காற்றில் நிற்பதைப் பார்த்து வாங்கி ஓரமாக வைத்தாள். மழை பற்றிப் பேசினார்கள், தொப்பூர்க் கணவாயில் வண்டி இறக்குவது பற்றிப் பேசினார்கள், கேசரியில் முந்திரி நன்றாக வறுபட்டிருப்பதாகச் சொன்னார்கள். பிறகு டம்ளர்களைக் கீழே வைத்தார்கள். நவநீதனின் அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார்.

“சரிங்க. நாங்க எதுக்குங்க வந்தோம்?”

அர்த்தநாரி வாயைத் திறந்தார். அந்த இடத்தில் யாரும் மனம் நோகாமல் சொல்லி, சிரித்து, வாசல்வரை கொண்டுபோய் விட ஒரு சொல் இருந்தது, முன்பெல்லாம் அது தானாக வரும். அவர் மூன்று முறை வாயைத் திறந்து மூடினார். கண்ணில் நீர் நின்றது, எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

“அப்பா,” என்றாள் கௌசிகா, அவர் காலடியில் உட்கார்ந்து. “அப்பா, இங்க பாருங்க.”

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கேசரி இன்னுங் கொஞ்சம் வெச்சுக்கங்க,” என்றார்.

அவர்கள் போனார்கள். நவநீதனின் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

கௌசிகாவும் நவநீதனும் வெயிலில் நடந்தே பட்டத்தரசியம்மன் கோவிலுக்குப் போனார்கள். மண்டபம் முழுக்கப் பிள்ளைகள், ஒரு தூணுக்கு நான்கு பேராகச் சாய்ந்திருந்தார்கள். கவுன்சலிங் பாரத்தோடு வந்த பெண்ணும் இருந்தாள், பாரத்தால் விசிறிக்கொண்டு.

“வாங்க மாப்பிள்ளை,” என்றான் லோகு, நகர்ந்து இடம் விட்டு. “பொண்ணு பாத்தாச்சா?”

“பாக்கலை,” என்றாள் கௌசிகா.

உச்சிகாலப் பூசை முடிந்து பூசாரி வந்தார். அவர்களுக்கு நடுவில் நடந்து, ஒரு காலை மிதித்து, கல் தடுக்கியதாக நினைத்துத் தரையைத் தடவிப் பார்த்து, வெளியே போய்க் கதவைப் பூட்டினார். தினமும் இப்படித்தான் என்றான் லோகு, நாலு மணிக்குத் திறப்பார். உள்ளே விளக்குக்குப் பெட்டி இருந்தது, உண்டியலுக்கு இருந்தது, எலுமிச்சைகளுக்கு இருந்தது. இல்லாதது அம்மனுக்கும் அவர்களுக்கும்.

லோகு அம்மனைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான்.

“ஏனாத்தா, தேங்காயெல்லாம் வாங்கிக்கிட்டு பட்டம் குடுத்தே. நானும் தெனமும் வந்து பாக்கறேன். நீயும் உக்காந்த எடத்துலயே உக்காந்திருக்கறே. நீ என்னதான் பண்ணிட்டிருக்கறே?”

எண்ணெய் படிந்த கல் உதடு மெல்லப் பிரிந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அது பிரிந்தபடியே இருந்தது, நாலு மணிக்குக் கதவு திறக்கும்வரை. அவளுக்கும் அந்தச் சொல் கிடைக்கவில்லை.